இரண்டு ஹெடர், ஆறு ஃபேன்: ஸ்ப்ளிட்டரா, ஹப்பா, கன்ட்ரோலரா?

சிறிய மதர்போர்டுகளில் கேஸ் ஃபேனுக்கென்று ஒன்றோ இரண்டோ ஹெடர்தான் (ஃபேன் வயரைச் செருகும் பின் இணைப்பு) பெரும்பாலும் கிடைக்கும். கேஸிலோ ஆறு ஃபேன் மாட்ட இடம் இருக்கும். கணக்கு இடித்ததும் பலர் நேராக, ஃபேன்களைத் தனித்தனியே ஆட்டிவைக்கும் கன்ட்ரோலர் என்ற சாதனத்தை வாங்கப் போய்விடுகிறார்கள். அந்த ஆறும் ஆறு வெவ்வேறு வேகத்தில் ஓட வேண்டுமா என்று முதலில் பாருங்கள். காற்றை உள்ளே இழுப்பவை ஒரு கூட்டம், வெளியே தள்ளுபவை இன்னொரு கூட்டம். அநேகம் பேருக்கு இந்த இரண்டு கூட்டங்களைத் தனித்தனியே ஆட்டிவைக்க முடிந்தால் போதும். அதற்கு இரண்டு ஹெடர் தாராளம்.

அதனால் என் முதல் ஓட்டு ஸ்ப்ளிட்டர் கேபிளுக்கு. ஒரு ஹெடரிலிருந்து இரண்டு அல்லது மூன்று ஃபேனுக்குப் பிரித்துக் கொடுக்கும் சாதாரண வயர் அது. ஃபேனுக்கான மின்சாரமும் அந்த ஹெடர் வழியாகவே வருவதால் அளவு பார்க்க வேண்டும். வழக்கமான ஹெடர் 1 ஆம்பியர், அதாவது 12 வோல்ட்டில் 12 வாட் தாங்கும். உங்கள் போர்டின் கையேட்டில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 120 மி.மீ. ஃபேன்கள் பெரும்பாலும் 0.1 முதல் 0.3 ஆம்பியருக்குள் எடுக்கும், ஸ்டிக்கரிலேயே அச்சிட்டிருப்பார்கள். ஓடத் தொடங்கும் நொடியில் ஃபேன் கூடுதலாக இழுக்கும் என்பதால் ஹெடரின் எல்லைவரை நிரப்பாதீர்கள். ஒரு ஹெடருக்கு மூன்று ஃபேனோடு நான் நிறுத்திவிடுவேன்.

ஸ்ப்ளிட்டரில் ஒரு இழப்பு உண்டு. ஃபேன் தன் வேகத்தைத் திருப்பிச் சொல்லும் வயர், ஒரே ஒரு ஃபேனிலிருந்துதான் போர்டுக்குப் போகும். மற்றது நின்றுபோனாலும் பயாஸுக்கு (போர்டிலேயே இருக்கும் அடிப்படை மென்பொருள்) தெரியாது. அவ்வப்போது கேஸைத் திறந்து எல்லாம் சுழல்கின்றனவா என்று பார்த்துவிடுவது நல்லது. ஒரே ஸ்ப்ளிட்டரில் ஒரே மாடல் ஃபேன்களைப் போடுங்கள். 40 சதவீதம் என்ற ஒரே கட்டளைக்கு ஒரு மாடல் 600 ஆர்.பி.எம்மிலும் இன்னொன்று 900த்திலும் ஓடக்கூடும்.

நான்கு, ஐந்து ஃபேன் ஒரே கூட்டத்தில் ஓட வேண்டுமென்றால், பல ஃபேன்களைச் செருகும் சிறு பலகையான ஹப்புக்குப் போகலாம். மின்சாரத்தை அது பவர் சப்ளையின் சாட்டா கேபிளிலிருந்து எடுத்துக்கொள்ளும், மதர்போர்டிலிருந்து, எவ்வளவு வேகம் வேண்டும் என்று சொல்லும் பி.டபிள்யூ.எம். சிக்னல் மட்டும்தான் வரும். சாட்டா இணைப்பின் 12 வோல்ட் பின்கள் மொத்தம் 4.5 ஆம்பியர் தரக்கூடியவை. ஹெடர் கருகிவிடுமோ என்ற பயமே இல்லை.

ஆனால் ஹப் மாட்டியபின் எல்லா ஃபேனும் முழு வேகத்தில் இரைவதாகப் பலர் புலம்புவார்கள். காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. பயாஸில் அந்த ஹெடர் டி.சி. முறையில் இருக்கலாம், அப்போது போர்டு வோல்டேஜைக் கூட்டிக் குறைத்தாலும் ஹப் அதைக் கவனிக்காது. 'ஆட்டோ'வில் விடாமல் பி.டபிள்யூ.எம். என்று நீங்களே மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் ஃபேன்கள் 3-பின் வகையாக இருக்கும். சிக்னலை வாங்கும் நான்காவது பின் அவற்றில் கிடையாது. 12 வோல்ட் முழுதாக வந்தால் முழு வேகம்தான். சிக்னலை வோல்டேஜாக மாற்றித் தரும் ஹப்புகளும் உண்டு, வாங்கும்போது கேட்டு வாங்க வேண்டும். பழைய 3-பின் ஃபேன்களே கையில் இருந்தால் ஹப்பை விட்டுவிட்டு, டி.சி. முறையில் வைத்த ஹெடரில் ஸ்ப்ளிட்டர் போடுவதே சிக்கனமான வழி.

சில ஃபேன்களின் வயரிலேயே அடுத்த ஃபேனைச் செருகும் வசதி இருக்கிறது. ஆர்க்டிக் நிறுவனத்தின் பி12 பி.எஸ்.டி. அப்படிப்பட்டது. ஸ்ப்ளிட்டரின் கணக்கேதான் இதற்கும்.

வேகத்தைக் குறைக்க இடையில் மாட்டும் ரெசிஸ்டர் கேபிளை நான் இந்தப் போட்டியிலேயே சேர்க்க மாட்டேன். அது உச்ச வேகத்தை இறக்குகிறது. வெப்பம் ஏறும்போது ஏறி, இறங்கும்போது இறங்கும் கட்டுப்பாடு அதில் இல்லை.

யூ.எஸ்.பி. வழியாக இணையும் கன்ட்ரோலர் எப்போது நியாயம்? ஒவ்வொரு ஃபேனின் வேகத்தையும் தனியே பார்க்க, தனியே மாற்ற விரும்பினால். தண்ணீர்க் குளிரூட்டலில் நீரின் வெப்பத்தை வைத்து ஃபேனை ஓட்ட வேண்டுமென்றால். அக்வா கம்ப்யூட்டரின் குவாட்ரோவில் நான்கு தனித்தனிச் சேனல்கள் உண்டு; அமைப்புகள் அந்தச் சாதனத்திலேயே பதிவாகிவிடும். எந்தக் கன்ட்ரோலர் வாங்கினாலும் அமைப்புகள் அதிலேயே பதிவாகுமா என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். பின்னணியில் மென்பொருள் ஓடினால்தான் வேலை செய்யும் என்றால், அது முடங்கும் நாளில் ஃபேனும் சொல்பேச்சு கேட்காது.

'கிராபிக்ஸ் கார்டு சூடானால் கேஸ் ஃபேன் வேகமெடுக்க வேண்டும், பயாஸில் அந்த வசதி இல்லை' என்பதற்காக மட்டும் கன்ட்ரோலரைத் தேடுபவர்கள் செலவைத் தள்ளிப்போடலாம். விண்டோஸில் 'ஃபேன் கன்ட்ரோல்' என்ற இலவச மென்பொருள் இருக்கும் ஹெடர்களைக் கொண்டே இதைச் செய்துவிடும், உங்கள் போர்டில் ஃபேனைக் கட்டுப்படுத்தும் சிப்பை அது அடையாளம் கண்டால். இதுவும் மென்பொருள்தான் என்றாலும், இது தொடங்காதபோதும், முறையாக மூடியபிறகும் பயாஸில் நீங்கள் வைத்த வேகமே நடக்கும். அங்கே பாதுகாப்பான ஒரு அமைப்பை முதலிலேயே போட்டு வைத்துவிடுங்கள்.