எக்ஸ் லிஸ்ட்: திருமலைல (திருகோணமலைல) சுற்றுலா தொழில் செய்யிறவங்க கட்டாயம் பாவிக்கோணும்

எக்ஸ்ல, அதான் பழைய ட்விட்டர்ல, இருக்கிற லிஸ்ட் வசதிய, அதாவது ஒரே விஷயம் எழுதுற கணக்குகள ஒண்டாச் சேத்து ஒரு பேர் போட்டு வைக்கிறத, எங்கட பக்கம் ஆரும் பெரிசா கண்டுக்கிறேல்ல, ஆனா காசு செலவழிக்காம பேர் வெளிய தெரியவைக்க இதவிட நல்ல வழி நான் காணேல்ல, 5க்கு 4 ஸ்டார் தாராளமா குடுக்கலாம். 2009ல இருந்தே இருக்கு. ஒரு லிஸ்டில 5000 கணக்கு வரைக்கும் போடலாம் எண்டாலும் அப்பிடி அள்ளிப் போட்டா ஒருத்தரும் பாக்கமாட்டாங்க, நாப்பது அம்பது பேர் காணும்.

நாங்க உப்புவெளில திமிங்கலம் பாக்க போட் விடுறம். திருமலை கடலப் பற்றி தெரிஞ்ச ஆக்கள மட்டும் வச்சு ஒரு லிஸ்ட் செஞ்சன், ஆஷா டி வோஸ் மாதிரி கடலாய்வு செய்யிறவங்க, நிலாவெளி டைவிங் ஆக்கள், புறாத்தீவு பவளப்பாறைய படமெடுக்கிறவங்க, காத்து மழை நிலவரம் போடுறவங்க. லிஸ்ட பப்ளிக்கா வச்சு ஒராள சேத்தா அவருக்கு நோட்டிஃபிகேஷன் போகும், முழு விஷயமும் இதிலதான் இருக்கு, ஆர் இந்த ஆள் எண்டு அவர் உங்கட பக்கத்துக்கு வந்து பாப்பார், வாற நேரம் அங்க உருப்படியா ஏதும் இருக்கோணும், சும்மா ரேட் கார்டும் போன் நம்பரும் போட்டு வச்சிருந்தா வந்த வழியே போயிடுவார். நான் மேல பின் பண்ணி வச்சிருக்கிறது கோணேசர் கோயில் மலைக்கு அங்கால நீலத்திமிங்கலம் மூச்சு விடுற வீடியோ, கீழ திகதி, நேரம், அண்டைக்கு கடல் எப்பிடி இருந்தது எல்லாம் எழுதியிருக்கு. அதப் பாத்துட்டுத்தான் கொழும்பில இருந்து ஒரு பத்திரிகைக்காரர் மெசேஜ் போட்டு சீசன் எப்ப எண்டு கேட்டார், மார்ச்சில இருந்து ஆகஸ்ட் வரைக்கும் பாக்கலாம், ஆனா காத்து கூடின நாளில போகேலாது எண்டு உள்ளத சொன்னன், கட்டுரைல எங்கட போட் பேரும் வந்துது.

லிஸ்டுக்குப் பேர் வைக்கேக்க 25 எழுத்துக்கு மேல விடாது, தேடுற ஆள் என்னெண்டு தேடுவாரோ அதையே வைங்க.

காசு கட்டினா சிறந்த நிபுணர் லிஸ்டில சேக்கிறம் எண்டு ஒரு இடத்தில இருந்து எங்களுக்கும் மெசேஜ் வந்தது. திறந்து பாத்தா கிரிப்டோக்காரர், ஜாதகம் பாக்கிறவர், காணி விக்கிறவர் எல்லாரும் ஒண்டாக் கிடக்கினம், இதுக்கு தயவுசெஞ்சு காசு குடுக்காதீங்க, அதில உங்கட பேர் இருக்கிறத பாத்தா மரியாதைதான் போகும். நீங்களும் நோட்டிஃபிகேஷன் போகட்டும் எண்டு சம்பந்தமில்லாத ஆக்கள சேத்தா ப்ளொக் பண்ணிடுவாங்க, ப்ளொக் பண்ணினா அவர் லிஸ்டில இருந்தும் போயிடுவார்.

ஒரு ஸ்டார் குறைச்சது ஏனெண்டா எங்கட ஊர்ச் சனம் கூடுதலா ஃபேஸ்புக்கிலயும் வாட்ஸ்அப்பிலயும்தான். உள்ளூர் கஸ்டமர் இதால வரமாட்டாங்க, பத்திரிகைக்காரரும் வெளிநாட்டு ஆக்களும்தான் வருவாங்க. கெஸ்ட் ஹவுஸ், டைவிங் செய்யிறவங்க மே மாசத்துக்கு முதலே லிஸ்ட செஞ்சு வைங்க, உங்கட சீசன் தொடங்கினாப் பிறகு இருந்து போன் நோண்ட நேரம் கிடையாது.