டஃபன் கிளாஸ் என்று சொல்லி சாதா கண்ணாடியை மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள், 9,800 ரூபாய் போச்சு

நேற்று மத்தியானம் அந்தக் கண்ணாடிக்கடைக்காரர் பேசிய பேச்சைக் கேட்டுவிட்டு வந்து இதை எழுதுகிறேன். கோபம் இன்னும் அடங்கவில்லை. கடை பெயரைப் போடவில்லை. எங்கள் தாம்பரம் பக்கத்தில் மெயின் ரோட்டை ஒட்டி இருக்கிற, வாசலில் அலுமினியம் கம்பிகளைச் சாய்த்து வைத்து உள்ளே கண்ணாடி அறுக்கிற சாதாரணக் கடைதான். இந்த மாதிரி கடை உங்கள் ஏரியாவிலும் நாலு இருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீடு இரண்டாவது மாடி. ஹாலில் இரண்டு அலுமினியம் ஸ்லைடிங் ஜன்னல், ஒவ்வொன்றிலும் இரண்டு ஷட்டர், ஆக நாலு கண்ணாடி. மே மாதக் கடைசியில் கீழே பையன்கள் விளையாடிய பந்து வந்து ஒரு கண்ணாடியை உடைத்துவிட்டது. அது பிரச்சினை இல்லை, பையன்கள் விளையாடத்தான் செய்வார்கள், அவர்களைத் திட்டக்கூட இல்லை. ஆனால் உடைந்த கண்ணாடி விழுந்த விதம் எனக்குக் குலை நடுங்கிவிட்டது. ஒரு முழம் நீளத்துக்கு கத்தி மாதிரி ஒரு துண்டு நேராக என் மகள் உட்கார்ந்து படம் வரைகிற சின்ன மேசைமேல் விழுந்து கிடந்தது. ஐந்து வயசு. அப்போது அவள் பாட்டியோடு சமையலறையில் இருந்தாள். பில்டர் போட்டது 4 எம்எம் சாதா கண்ணாடி என்று அப்புறம்தான் தெரிந்தது. அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன், செலவானாலும் பரவாயில்லை, நாலு கண்ணாடியையும் டஃபன் கிளாஸாக, அதாவது சூடாக்கி இறுக்கிய, உடைந்தால் பொடியாக உதிர்கிற கண்ணாடியாக மாற்றிவிடுவது என்று.

பக்கத்துத் தெருவில் கேட்டு அந்தக் கடைக்குப் போனேன். மறுநாள் காலையில் அளவெடுக்க ஒருவர் வந்தார். முப்பது வயசுக்குள் இருக்கும். அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் நான் ஏமாந்தது விலையிலோ அளவிலோ இல்லை, அந்த நடத்தையில்தான். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தார். டேப்பை வைத்து மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் அகலம் எடுத்தார், மூலைக்கு மூலை குறுக்காகவும் எடுத்தார். "ஃபிரேம் கொஞ்சம் கோணல்க்கா, இதப் பாக்காம அறுத்தா அப்புறம் உக்காராது" என்றார். இவ்வளவு அக்கறையாக அளவெடுக்கிறாரே என்று எனக்கு மனசு நிறைந்துவிட்டது. அம்மா மோர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு, என் மகளின் மேசையைப் பார்த்து, "எனக்கும் யுகேஜி படிக்கிற பொண்ணு இருக்குக்கா. குழந்தை உக்கார்ற இடம், பிளெயின் வேண்டவே வேண்டாம். அஞ்சு எம்எம் டஃபனே போட்டுருவோம். உடைஞ்சாலும் கல்கண்டு மாதிரி உதிரும், கிழிக்காது" என்றார். நான் கேட்பதற்கு முன்பே அவராகச் சொன்னார். என் பயத்தை அப்படியே எடுத்து என் கையிலேயே கொடுத்த மாதிரி இருந்தது. அதோடு நான் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டேன்.

கணக்கு ஒரு விசிட்டிங் கார்டின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிக் கொடுத்தார். சதுர அடி 180, நாற்பது அடி, 7,200. பீடிங் (கண்ணாடி ஓரத்தில் சொருகுகிற ரப்பர்), சிலிக்கான் 900. வண்டி 500. கூலி 1,200. மொத்தம் 9,800. அட்வான்ஸ் 7,000 அங்கேயே ஜிபேயில் அனுப்பினேன், கடைக்கு இல்லை, அவர் நம்பருக்கு. "கடை நம்பர்ல சர்வர் பிராப்ளம்க்கா" என்றார். சரி என்று அனுப்பிவிட்டேன்.

நாற்பது சதுர அடி என்பதே தப்பு. ஒரு கண்ணாடி 27க்கு 45 அங்குலம், பெருக்கிப் பார்த்தால் நாலும் சேர்த்து 34 சதுர அடிகூட வராது. இவர்கள் ஆறு அங்குலக் கணக்கில் மேலே ஏற்றி 30க்கு 48 என்று போடுகிறார்கள். கண்ணாடிக்கடைகளில் இது வழக்கம்தான் என்று பின்னால் சொன்னார்கள், இருக்கட்டும், ஆனால் முன்கூட்டியே வாயைத் திறந்து சொல்ல வேண்டாமா? அதிலேயே ஆயிரத்துச் சொச்சம் போனது.

மறுநாளே கண்ணாடி வந்துவிட்டது. எவ்வளவு வேகம் என்று சந்தோஷப்பட்டேன். டஃபன் கிளாஸ் என்பது கடையில் அடுக்கி வைத்து அறுத்துக் கொடுக்கிற சரக்கே இல்லை. முதலில் அளவாக அறுத்து, ஓரம் தேய்த்து, ஓட்டை வேண்டுமானால் அதையும் போட்டு, அப்புறம்தான் ஃபேக்டரிக்குப் போய் 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, சட்டென்று குளிர்காற்று அடித்து இறுக்குவார்கள். சாதாரணமாக ஒரு நாளில் ஆகிற வேலை கிடையாது. அப்படி இறுக்கிய பிறகு அதில் கட்டர் வைக்கவே முடியாது, வைத்தால் முழுக் கண்ணாடியும் பொடிப்பொடியாகிவிடும். இதெல்லாம் இப்போது தெரிகிறது.

அன்றைக்கு என்ன நடந்தது தெரியுமா? மூன்று கண்ணாடி உட்கார்ந்துவிட்டது. நாலாவது கண்ணாடி ஷட்டர் ஃபிரேமுக்குள் இறங்கவில்லை, கால் அங்குலம் அதிகம். "ஒரு நிமிஷம்க்கா" என்று சொல்லிவிட்டு ஹால் தரையில் என்னிடமே ஒரு பழைய பெட்ஷீட் கேட்டு விரித்தார். சின்ன டப்பாவில் இருந்த மண்ணெண்ணெயில் கட்டரைத் தோய்த்து, ஸ்கேலை வைத்து, கர்ர்ரென்று ஒரே இழுப்பு. பிளையரால் ஓரத்தைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஒடித்து எடுத்தார். மறுமுனையை ஆடாமல் பிடித்துக்கொண்டது யார்? நான்தான். என் கண்ணெதிரே, என் வீட்டுத் தரையில், என் கையில் இருக்கும்போதே அறுத்தார், அது டஃபன் இல்லை என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவருக்கு எல்லாம் தெரியும். தெரிந்தே, "நல்லா புடிங்கக்கா, டஃபன் வெயிட்டு ஜாஸ்தி" என்று வேறு சொன்னார். அந்த ஒரு வாக்கியம் நினைவுக்கு வரும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

கண்ணாடி மூலையில் காகித ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருந்தது, அதைக் காட்டினார், துடைக்கும்போது அவரே உரித்தும் எடுத்துவிட்டார். மீதி 2,800 அனுப்பினேன். பில் கேட்டேன். "கடைல போட்டு வாட்ஸப்ல அனுப்பறேன்க்கா" என்றார். இன்று வரை வரவில்லை.

பத்து நாள் கழித்து ஒரு மழை. இரண்டு ஜன்னலிலும் கீழ் ஓரத்தில் தண்ணீர் உள்ளே வழிந்தது. பார்த்தால் புது பீடிங் என்று காசு வாங்கிக்கொண்டு பழைய ரப்பரையே வெட்டிச் சொருகி, எட்டாத இடத்தில் சிலிக்கானை அப்பியிருக்கிறார். போன் பண்ணினேன். "வேலூர்ல சைட்ல இருக்கேன்க்கா, புதன்கிழமை வந்துடறேன்." புதன் வந்தது. "வண்டி பஞ்சர்." அடுத்த புதன். "பாப்பாவுக்கு ஜுரம்." குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றதும் நான் அதற்கு மேல் பேசவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள் தம்பி என்று வைத்துவிட்டேன். அப்புறம் ரிங் போகும், எடுக்க மாட்டார். கணவர் நம்பரிலிருந்து அடித்தேன், முதல் ரிங்கிலேயே எடுத்தார், என் குரலைக் கேட்டதும் கட் பண்ணினார்.

ஜூலையில் காற்று ஆரம்பித்தது. போன வெள்ளிக்கிழமை மத்தியானம் அம்மா ஜன்னலை இழுத்துச் சாத்தியிருக்கிறார், வழக்கமாகச் சாத்துகிற மாதிரிதான். அவர் அறுத்துப் பொருத்திய அதே கண்ணாடி, அறுத்த மூலையிலிருந்து ஒரு கோடு விட்டு, அந்தக் கோடு வளைந்து மேலே போய், பாதிக் கண்ணாடி பெயர்ந்து உள்பக்கம் விழுந்தது. கல்கண்டு மாதிரி உதிரவில்லை. மறுபடியும் அதே கத்தி. அதே மேசைக்குப் பக்கத்தில். பிள்ளை அன்றைக்கு ஸ்கூலில் இருந்தாள். குழந்தை வருவதற்குள் பெருக்கிவிடவேண்டும் என்று அவசரமாக அள்ளியதில் அம்மாவுக்கு உள்ளங்கையில் மூன்று தையல். அறுபத்தெட்டு வயசு, சர்க்கரை இருக்கிறது, புண் ஆறுவதற்கு எத்தனை நாள் ஆகுமோ.

எதிர் வீட்டு சார் அலுமினியம் வேலை செய்கிற கம்பெனியில் இருந்து ரிட்டையர் ஆனவர். ஒரு துண்டைத் தடிமன் அளக்கிற வெர்னியரில் வைத்துப் பார்த்தார். 3.8 காட்டியது. "இது நாலு எம்எம் பிளெயின்ம்மா. ஓரம் பாரு, தேய்க்கவே இல்ல, பிளேடு மாதிரி இருக்கு" என்றார். அதாவது பில்டர் போட்ட அதே கண்ணாடி. எதை வேண்டாம் என்று கழற்றிப் போட்டேனோ, உடையாமல் நன்றாக இருந்த மூன்றையும் சேர்த்துக் கழற்றிப் போட்டேனோ, அதையே 9,800 ரூபாய் கொடுத்துத் திரும்ப மாட்டியிருக்கிறேன். கழற்றின அந்த மூன்றையும் "நாங்களே டிஸ்போஸ் பண்ணிடறோம்" என்று வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதைத்தான் வேறு யார் வீட்டிலாவது அறுத்து மாட்டியிருப்பார்கள் என்று எனக்கு இப்போது சந்தேகமே வருகிறது.

நேற்று துண்டுகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு கடைக்கே போனேன். ஓனர் கல்லாவை விட்டு எழுந்திருக்கவில்லை. முதலில் "அந்தப் பையன் நம்ம ஆளே இல்ல மேடம், காண்ட்ராக்ட்" என்றார். உங்கள் கடையில்தானே ஆர்டர் கொடுத்தேன் என்றால், "பணம் கடைக்கு வரலியே" என்றார். விசிட்டிங் கார்டைக் காட்டினேன், உங்கள் கடை கார்டுதானே என்றேன். "கார்டு யாரு வேணா எடுத்துட்டுப் போவாங்க." பையைத் திறந்து துண்டைக் காட்டினால், தொடவே இல்லை, "வெயிலுக்கு விரிசல் விடும் மேடம், கண்ணாடின்னா அப்படித்தான்" என்றார். வெயிலுக்கு இப்படிக் கோடு விட்டு உடைவது சாதா கண்ணாடி ஐயா. டஃபன் சும்மா உடைந்தாலும் பொடியாகத்தான் போகும். அதைச் சொன்னதும் பக்கத்தில் அறுத்துக்கொண்டிருந்த பையன் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான், அவனுக்கும் தெரியும். கடைசியில் ஓனர் சொன்னது: "பழைய கஸ்டமர் மாதிரி நினைச்சு 1,500க்கு ஒண்ணு மாத்தித் தரேன்." அம்மா கையில் தையலோடு ஆட்டோவில் உட்கார்ந்திருக்கிறார், இவர் எனக்குச் சலுகை தருகிறார். 9,800 வாங்கிக்கொண்டு மேலே 1,500!

சாயங்காலமே 1915க்கு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் பண்ணிப் புகார் பதிவு செய்தேன். முதல் கேள்வியே பில் இருக்கிறதா என்பதுதான். இருப்பது ஜிபே ரசீது இரண்டு, பென்சில் கணக்கு, போட்டோக்கள், அம்மாவின் ஆஸ்பத்திரிச் சீட்டு. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது என்று எதிர் வீட்டு சார் சொன்னார். போகத்தான் போகிறேன்.

என்னென்ன பார்க்கவேண்டும் என்று விளக்கமாக எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன், இவ்வளவு எழுதியதும் கை ஓய்ந்துவிட்டது. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். டஃபன் கேட்டு வாங்கினால் மூலையில் அழியாத முத்திரை இருக்கிறதா பாருங்கள், நகத்தால் சுரண்டினால் வரக்கூடாது, காகித ஸ்டிக்கரை நம்பவே நம்பாதீர்கள். ஓரம் தேய்த்திருக்கவேண்டும். வீட்டில் வந்து கட்டரை எடுத்தால் அந்த நிமிஷமே நிறுத்துங்கள். போலரைஸ்டு கூலிங் கிளாஸ் இருந்தால் அதைப் போட்டுக்கொண்டு வானம் தெரிகிற பக்கம் கண்ணாடியைச் சாய்வாகப் பாருங்கள், டஃபனில் திட்டுத்திட்டாகவோ கோடுகளாகவோ நிழல் தெரியும், எங்கள் வீட்டில் மிச்சம் இருக்கிற மூன்றிலும் ஒன்றுமே தெரியவில்லை. எத்தனை எம்எம், என்ன கண்ணாடி என்று எழுதின பில் கைக்கு வராமல் மீதிப் பணம் கொடுக்காதீர்கள், ஆள் நம்பருக்கு அனுப்பவே அனுப்பாதீர்கள். பழைய கண்ணாடியை அவர்களிடம் கொடுத்துவிடாதீர்கள்.

இப்போது அந்த ஷட்டரில் ஃபிரிட்ஜ் அட்டைப்பெட்டியைப் பிரித்துச் செல்லோடேப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறோம். மகளின் மேசையைச் சமையலறை வாசலுக்கு மாற்றியாகிவிட்டது. அவளுக்கு அங்கே வெளிச்சம் போதவில்லை, ஜன்னலுக்கே போகிறேன் என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள்.