மிதவை டர்பைனா, திருகு டர்பைனா? கால்வாய்க்கு எது தோது

கரையோர அறைக்கு மின்சாரம் எடுக்க முதலில் கால்வாயில் மிதவை டர்பைன்தான் இறக்கினேன்; நீரில் மிதந்தபடி ஓட்டத்தால் சுழலும் இயந்திரம் அது. மூன்றாம் வருஷம் அதைக் கரையேற்றிவிட்டு, மதகுக்குக் கீழே தண்ணீர் இறங்கும் இடத்தில் திருகு டர்பைன் வைத்தேன்; பெரிய திருகாணி போல இருக்கும், இறங்கும் நீரின் எடையால் சுழலும். இப்போது கேட்டால் தயங்காமல் திருகு என்பேன்.

மிதவைக்குக் கட்டுமானம் வேண்டாம். இரு கரையிலும் கம்பி வடம் இழுத்துக் கட்டினால் போதும். ஆனால் அது ஓட்டத்தின் வேகத்தை மட்டுமே நம்பியிருக்கிறது. விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில், 1 சதுர மீட்டர் பரப்பில் ஓடும் நீரில் இருப்பதே 500 வாட்; கைக்கு வருவது 150, 200. வேகம் இரட்டித்தால் சக்தி எட்டு மடங்காகும், உண்மைதான். மண் கால்வாயை அந்த வேகத்தில் ஓடவிட்டால் கரை அரித்துவிடும். இதே நீர், அதாவது விநாடிக்கு 1 கன மீட்டர், 1 மீட்டர் உயரம் இறங்கினால் 9.8 கிலோவாட். திருகு அதில் சுமார் 7 கிலோவாட் தரும்.

ஆனாலும் என்னை மாற்றியது இந்தக் கணக்கல்ல, குப்பை. ஆகாயத்தாமரை வேரும் நைலான் சாக்கு நூலும் சேர்ந்து மிதவையின் சுழல்தண்டில் கயிறாக முறுக்கிக்கொள்ளும். இடுப்பளவு நீரில் நின்று அரிவாளால் அறுத்தெடுக்கவே ஒரு காலைப்பொழுது போகும்; நான்கே நாளில் மறுபடியும் சுற்றியிருக்கும். திருகு மெதுவாகச் சுழல்கிறது, இதழ்களுக்கு நடுவே இடைவெளி பெரிது. இலை, தழை, சின்னக் குச்சி எல்லாம் நீரோடு இறங்கிப் போய்விடுகின்றன. மீன்கூடப் பெரும்பாலும் அடிபடாமல் போகும். முன்னால் அகலக் கம்பித் தடுப்பு ஒன்று, வாரம் ஒருமுறை வழித்துவிடுகிறேன். கப்பல் விசிறி போன்ற இதழ்கள் கொண்ட கப்லான் டர்பைனின் திறன் இன்னும் அதிகம், ஆனால் அது கேட்கும் நெருக்கமான வலையை தினமும் யார் வழிப்பது?

திருகுக்குக் கான்கிரீட் தொட்டி, கியர்பாக்ஸ் என்று முதல் செலவு கூடுதல். அது நின்றாலும் பாசனம் நிற்காதபடி பக்கத்தில் ஒரு மாற்று ஷட்டர் கட்டாயம். அடி பேரிங் எப்போதும் வண்டல் நீரிலேயே கிடக்கிறது. இரண்டு பாசனப் பருவம் தாங்கியிருக்கிறது. பத்து வருஷம் தாங்குமா என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது.

தண்ணீர் இறங்கும் இடமே இல்லாத கால்வாய் என்றால் மிதவைதான் வழி. அப்போது குப்பைத் தடுப்பைக் குறுக்கே நேராகப் போடாமல் சாய்வாகப் போடுங்கள். தழை தானாகக் கரைக்கு ஒதுங்கும், தண்ணீரில் இறங்காமல் அள்ளிவிடலாம்.