பாளையங்கோட்டை நர்சரியில் வாங்கிய வாசனை ரோஜா

சிவப்பு ரோஜா எந்த நர்சரியிலும் கிடைக்கும், ஆனால் பொக்கே கட்டுகிற ரகங்களில் பெரும்பாலும் நிறம்தான் இருக்கும், மூக்கருகே கொண்டுபோனால் ஒன்றும் இருக்காது. பாளையங்கோட்டையில் நாங்கள் வழக்கமாகப் போகும் நர்சரியில் வாசனைதான் முக்கியம் என்றதும், அண்ணாச்சி நேராகப் பின்வரிசைக்குக் கூட்டிப்போய் "இத மோந்து பாருங்க" என்று பாப்பா மெய்லாண்டைக் காட்டினார். 1963-இல் பிரான்சில் வெளியான ரகம். மொட்டு கிட்டத்தட்ட கறுப்பாகவே இருக்கும், விரிய விரிய வெல்வெட் போலக் கருஞ்சிவப்பு தெரியும், அதிகாலையில் பாதி விரிந்த பூவின் வாசம் அப்படியே ஆளை நிறுத்திவிடும். 150 ரூபாய்க்கு இது நிச்சயம் தகும்.

ஆனால் நம்ம ஊர் வெயிலில் இதழ் ஓரம் கருகும், காலை வெயிலும் மதிய நிழலும் உள்ள இடம் பார்த்து வையுங்கள். இலையில் கரும்புள்ளி நோயும் சீக்கிரம் வரும், அதனால் தண்ணீரை இலை மேல் தெளிக்காமல் தூரில் ஊற்றுங்கள். அவ்வளவு பார்க்க முடியாது என்றால் ஆந்திரா ரெட் வாங்குங்கள், பூ சிறியது, வாசனை உண்டு, நம்ம வெயிலைத் தாங்கும்.

அந்த நர்சரியில் ஒரே குறை, செடிப் பையில் இருக்கும் மண். வெறும் களிமண் கட்டி. வேர் அறுபடாமல் ஓரத்தை உதிர்த்துவிட்டு, செம்மண், மணல், மக்கிய தொழுவுரம், கொஞ்சம் வேப்பம் பிண்ணாக்கு கலந்து நடுங்கள், வெறும் கரிசலில் வைத்தால் தண்ணீர் தேங்கி வேர் அழுகும். அப்புறம் ஒட்டுக்குக் கீழே, அதாவது ரோஜாவை வேறு செடியில் ஒட்டவைத்த முடிச்சுக்குக் கீழே வரும் துளிரை உடனே கிள்ளிவிட வேண்டும், இதை அண்ணாச்சியே சொல்லித்தான் அனுப்புகிறார். ஞாயிற்றுக்கிழமை கூட்டம், வார நாளில் போனால் நின்று பார்த்து எடுக்கலாம்.