கவிதையை இரண்டாம் தடவை கேட்க எது வசதி? ஐந்து ஒலிச் சேவைகள், ஒரே அளவுகோல்

கவிதை ஒலிப்பதிவுச் சேவை எதுவானாலும் அதை எடைபோட ஒரு கேள்வி போதும். இப்போது கேட்டு முடித்த கவிதையை உடனே மறுபடி கேட்க எத்தனை முறை திரையைத் தட்ட வேண்டியிருக்கிறது? கதையை ஒரு தடவை கேட்டால் கதை பிடிபட்டுவிடும். கவிதை அப்படியல்ல. முதல் தடவை ஓசை மட்டும் வந்து போகும், இரண்டாம் தடவைதான் சொல் காதில் உட்காரும். ஒரு மணி நேரக் கோப்பில் 37-ஆவது நிமிடத்தில் புதைந்து கிடக்கும் கவிதையை யாரும் இரண்டாம் தடவை தேடிப்போய்க் கேட்பதில்லை. ஆங்கிலக் கவிதைக்குக் காசில்லாமல் கிடைக்கும் ஐந்து சேவைகளை இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு பளிச்சென்று தெரிகிறது.

முதல் இடம் பென்சவுண்டுக்கு. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கவிஞர் சார்லஸ் பெர்ன்ஸ்டீனும் பேராசிரியர் ஆல் ஃபில்ரைஸும் சேர்ந்து 2005-இல் தொடங்கிய ஒலிக்காப்பகம் இது. தளம் வருவதற்கு முன்பே, 2003-இல், பெர்ன்ஸ்டீன் ஒரு கொள்கை அறிக்கை எழுதினார். பதிவு இலவசமாகவும் தரவிறக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும். எம்பி3 அல்லது அதைவிட நல்ல வடிவத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு கவிதையும் தனிக் கோப்பாக இருக்க வேண்டும். கோப்புக்கு ஒழுங்கான பெயர் வேண்டும். யார், எங்கே, எப்போது படித்தது என்ற விவரம் கோப்புக்குள்ளேயே பதிந்திருக்க வேண்டும். எல்லாம் அட்டவணைப்படுத்தப்பட்டிருக்க வேண்டும். இந்த ஆறில் மூன்றாவதுதான் தளத்தின் உயிர். கவியரங்கப் பதிவை முழுசாகத் தூக்கி ஏற்றிவிட்டு ‘வேண்டியதைத் தேடிக்கொள்’ என்று சொல்லும் பழக்கத்தை அது உடைத்தது.

அதன் அருமை அமெரிக்கக் கவிஞர் வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸ் பக்கத்தைத் திறந்தால் புரியும். சிவப்புத் தள்ளுவண்டி பற்றிய அவருடைய கவிதையில் மொத்தம் 16 சொற்கள், 8 வரிகள். தாளில் அது படிப்படியாக உடைந்து இறங்கும். இரண்டிரண்டு வரிக்கு நடுவில் வெற்றிடம். ஒலியில் சில நொடிகளில் தீர்ந்துபோகும். நீளமான பதிவொன்றின் நடுவில் இது வந்தால், ‘இப்போது என்ன கேட்டோம்’ என்று நிமிர்வதற்குள் அடுத்த கவிதை தொடங்கிவிடும். தனிக் கோப்பாக இருப்பதால் ஐந்து தடவை தொடர்ந்து ஓடவிடலாம். அதே கவிதையை அவர் வெவ்வேறு ஆண்டுகளில் படித்த பதிவுகளும் அங்கே இருக்கின்றன. வரி முடியும் இடத்தில் அவர் நிறுத்துகிறாரா, தாண்டிப் போகிறாரா என்று ஒன்றோடு ஒன்றை ஒப்பிடுங்கள். தாளில் கண் பார்த்த வெற்றிடத்துக்கும் குரல் விட்ட இடைவெளிக்கும் உள்ள தூரம் காதில் தட்டுப்படும். புதுக்கவிதையில் வரியை எங்கே மடக்குவது என்று மண்டையைக் குழப்பிக்கொள்பவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

இன்னொரு அமெரிக்கக் கவிஞர் எஸ்ரா பவுண்டு 1939-இல் ஹார்வர்டில் பதிவுசெய்தவையும் அங்கே உண்டு. அவற்றில் ஒன்றில் அவரே முரசை அடித்துக்கொண்டு படிக்கிறார். ஹெட்போனில் கேட்பதானால் முதலில் ஒலியைக் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பென்சவுண்டின் குறைகளையும் சொல்ல வேண்டும். பக்கங்கள் நீண்ட பட்டியல்களாக இருக்கின்றன, கைபேசித் திரையில் கண் வலிக்கும். கவிதை வரிகள் பெரும்பாலும் அங்கே இருக்காது. நூலையோ வேறொரு தளத்தையோ பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். வெவ்வேறு அரங்குகளில், வெவ்வேறு கருவிகளில் பிடித்த பதிவுகள் என்பதால் ஒலி அளவு ஏறி இறங்கும். ஒன்று கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கும், அடுத்தது செவிட்டில் அறையும். அதனால் தேவையானவற்றைத் தரவிறக்கி வைத்துக்கொண்டு, ஒலியைச் சமன்செய்யும் வசதியுள்ள பிளேயரில் போட்டுக் கேட்பது நல்லது.

இரண்டாவது, பிரிட்டனைச் சேர்ந்த போயட்ரி ஆர்கைவ். அப்போது பிரிட்டனின் அரசவைக் கவிஞராக இருந்த ஆண்ட்ரூ மோஷனும் ஒலிப்பதிவுத் தயாரிப்பாளர் ரிச்சர்ட் கேரிங்டனும் 2005-இல் தொடங்கியது. கவிஞர் தம் கவிதையைத் தாமே படிக்க வேண்டும் என்பதுதான் இங்கே விதி. பல கவிதைகளுக்கு வரிகள் அதே பக்கத்திலேயே இருக்கும். ஒலியை ஓடவிட்டுக் கண்ணை வரிமேல் ஓட்டலாம். முதன்முதலாக ஆங்கிலக் கவிதை கேட்கப் போகிறவருக்கு நாங்கள் கைகாட்டுவது இந்தத் தளத்தைத்தான்.

இங்கே ஐரிஷ் கவிஞர் யேட்ஸிலிருந்து தொடங்கலாம். 1930-களில் பிபிசி வானொலிக்காக அவர் படித்த பதிவு அது. தம் கவிதையை உரைநடைபோல் படிக்கவே மாட்டேன், செய்யுளாக்க அவ்வளவு பாடுபட்டிருக்கிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். சொன்னபடி இழுத்து, ஏறக்குறைய ஓதுகிறார். இன்னிஸ்ஃப்ரீ தீவைப் பற்றிய கவிதைக்கு முன்னால் ஒரு விளக்கமும் தருகிறார்: நண்பகல் ஊதா நிறத்தில் ஒளிர்வதாக எழுதியிருக்கிறேனே, அது ஹெதர் செடியின் பூ நீரில் பிரதிபலிப்பதைத்தான் குறித்திருக்க வேண்டும் என்று. ‘குறித்திருக்க வேண்டும்’ என்கிறார், கவனியுங்கள். இளம் வயதில் எழுதிய வரிக்கு முதுமையில் தாமே உரை தேடுகிறார். எந்தப் பதிப்பின் அடிக்குறிப்பிலும் இந்தக் குரல் கிடைக்காது. தேவாரம் ஓதக் கேட்டு வளர்ந்த காதுக்கு யேட்ஸின் இழுவை அந்நியமாகவே படாது. இன்றைய ஆங்கிலக் கவிஞர்களின் தட்டையான வாசிப்பைவிட இதுதான் நமக்குக் கிட்டத்தில் இருக்கிறது.

ஒலிப்பதிவின் தொடக்க காலத்தில் மெழுகு உருளையில் பிடித்த பதிவுகள் வேறு ரகம். ஆங்கிலக் கவிஞர் பிரௌனிங் 1889-இல் ஒரு விருந்து வீட்டில் எடிசனின் கருவிக்கு முன்னால் தம் கவிதையைச் சொல்லத் தொடங்கி, பாதியில் வரிகளை மறந்து மன்னிப்புக் கேட்கிறார். அவர் காலத்துக் கவிஞர் டென்னிசன் 1890-இல் குதிரைப்படைத் தாக்குதல் பற்றிய தம் கவிதையைச் சொன்ன பதிவில், சொல்லைவிடக் குளம்படித் தாளம்தான் தெளிவாகக் கேட்கும். இவற்றை அப்படியே ஓடவிட்டால் கரகரப்பு மட்டுமே மிஞ்சும். பிளேயரின் ஈக்வலைசரில், அதாவது ஒலிப்பட்டைகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் அமைப்பில், 150 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலேயும் உள்ள பட்டைகளைக் கீழே இறக்குங்கள். அந்தக் காலக் கருவி பிடித்த குரல் கிட்டத்தட்ட நடுப்பட்டைக்குள் அடங்கிவிடும். வெளியே இருப்பது பெரும்பாலும் உராய்வுச் சத்தம். சிறிய ஸ்பீக்கரைவிட ஹெட்போன் மேல். இந்தப் பதிவுகளுக்கு மட்டும், முதல் தடவையே வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

பாட்காஸ்டுக்கு வந்தால் நிலைமை மாறுகிறது. இங்கே கவிதையைச் சுற்றிப் பேச்சு இருக்கும். ஐரிஷ் கவிஞர் போட்ரிக் ஓ டூமா 2020 முதல் நடத்தும் ‘போயட்ரி அன்பவுண்ட்’தான் மூன்றாவது; அது எங்கள் அளவுகோலில் நல்ல மதிப்பெண் வாங்குகிறது. கால் மணி நேர அளவு. கவிதையைப் படிக்கிறார், அதைப் பற்றிப் பேசுகிறார், முடிவில் மறுபடி முழுசாகப் படிக்கிறார். இரண்டாம் தடவை என்பது நிகழ்ச்சியின் அமைப்பிலேயே இருக்கிறது. நடுவில் அவர் தொட்டுக் காட்டிய சொல் இரண்டாம் வாசிப்பில் வரும்போது காது அதற்காகக் காத்திருக்கும். ஒரே குறை, எல்லாக் கவிதையும் அவர் குரலின் மென்மைக்குள் போய்விடுகிறது. கோபக்காரக் கவிதைகூட அங்கே கொஞ்சம் சாந்தமாகிவிடும்.

நான்காவதான ‘தி ஸ்லோடௌன்’ 2018-இல் அமெரிக்கக் கவிஞர் டிரேசி கே. ஸ்மித் தொடங்கியது. பின்னர் தொகுப்பாளர்கள் மாறியிருக்கிறார்கள். வார நாட்களில் வரும், ஐந்து நிமிடச் சொச்சம். முன்னுரைதான் பெரும்பகுதி, கவிதை கடைசியில் ஒரே ஒரு தடவை. பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்துக்குச் சரியான அளவு. ஆனால் முடிந்ததும் விட்டுவிடாமல், கடைசி இரண்டு நிமிடத்துக்குப் பின்னோக்கி இழுத்து இன்னொரு தடவை கேட்டால்தான் கவிதை தங்கும். கேட்டது பிடித்திருந்தால் ‘போயம்டாக்’ பக்கம் போங்கள். 2007 முதல் ஆல் ஃபில்ரைஸ் நடத்துவது. நான்கு பேர் உட்கார்ந்து பென்சவுண்டில் உள்ள ஒரே ஒரு கவிதைப் பதிவைக் கேட்டு, சொல் சொல்லாக விவாதிப்பார்கள். சமையல் செய்துகொண்டே கேட்க முடியாது. குறிப்பேடு வேண்டும்.

பாட்காஸ்ட் செயலியில் கவிதையைக் கேட்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய ஓர் அமைப்பு உண்டு. ஓவர்காஸ்டில் அதன் பெயர் ஸ்மார்ட் ஸ்பீடு, பாக்கெட் காஸ்ட்ஸில் டிரிம் சைலன்ஸ், ஆன்டெனாபாடில் ஸ்கிப் சைலன்ஸ். பேச்சின் நடுவே வரும் மௌனத்தைக் கண்டுபிடித்துச் சுருக்குவது இதன் வேலை. செய்தி அலசலுக்கு நேரம் மிச்சம். கவிதைக்கோ கேடு. வரி முடிவில் கவிஞர் விட்ட இடைவெளியையும், பத்தி மாறும்போது மூச்சு வாங்கிய நொடியையும் அது வெட்டி எறிந்துவிடும்; கேட்பவருக்குக் கவிதை உரைநடையாகத் தெரியும், தப்பு கவிஞருடையது என்று தோன்றும். கவிதை பாட்காஸ்டுகளுக்கு மட்டும் தனியாக இதை அணைத்து வேகத்தை 1-இல் நிறுத்துங்கள். குரலை உரக்கக் காட்டும் அமைப்பையும் அணையுங்கள். அது முணுமுணுப்பையும் உரத்த குரலையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடும். இன்னொன்று: சில புளூடூத் ஹெட்போன்கள் நீண்ட மௌனத்தில் உறங்கப்போய், குரல் திரும்பும்போது முதல் அசையை விழுங்கிவிடும். வரியின் முதல் சொல் அடிக்கடி தேய்ந்து கேட்டால், ஒயர் ஹெட்போனில் ஒரு தடவை சோதியுங்கள்.

ஐந்தாவது லிப்ரிவாக்ஸ். காப்புரிமை தீர்ந்த எழுத்துகளைத் தன்னார்வலர்கள் படித்து ஏற்றும் திட்டம், ஹ்யூ மெக்குவயர் 2005-இல் தொடங்கியது. குரல்கள் ஏற்ற இறக்கமாகத்தான் இருக்கும். தொழில்முறை வாசிப்பை எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் அங்கே ‘வாரக் கவிதை’ என்றொரு தொடர் உண்டு. ஒரே கவிதையைப் பல பேர் ஆளுக்கொரு தடவை படித்திருப்பார்கள். ஒருவர் கேள்வியாக உயர்த்திய இடத்தை இன்னொருவர் பெருமூச்சாகத் தாழ்த்துவார். எங்கள் கேள்விக்கு இதைவிடத் தாராளமான பதில் ஏது? நொடிக்கு 128 கிலோபிட் தரத்தில் ஒரு நிமிடம் சுமார் 1 எம்பிதான் வரும். ஒரு நிமிட வாசிப்புகள் பத்தையும் இறக்கினாலும் சுமார் 10 எம்பி, அவ்வளவே.

தமிழ்க் காதுக்கு ஓர் இடறல் உண்டு. நம் செய்யுள் நேர், நிரை என்று குறில் நெடிலை வைத்து அசையைக் கட்டும். மரபான ஆங்கில யாப்பு அழுத்தத்தை வைத்துக் கட்டும். நெடில் போல ஒலிக்கும் எழுத்தில் அழுத்தம் விழாமலும் போகலாம். முதல் தடவை வரிகளைப் பார்க்காமல், அழுத்தம் விழும் இடத்தில் விரலால் மேசையைத் தட்டிக்கொண்டே கேளுங்கள். இரண்டாம் தடவை வரிகளைப் பார்த்து, தட்டு விழுந்த அசைக்குக் கீழே பென்சிலால் கோடிடுங்கள். மூன்றாம் தடவை தாளைக் கவிழ்த்துவிட்டுக் கேளுங்கள். பதினான்கு வரிச் சானெட்டுக்கு மூன்று தடவையும் சேர்த்துப் பத்து நிமிடம் பிடிக்கும்.

தமிழ் எழுத்தாளர்களின் குரலும் வேண்டுமென்றால், அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தெற்காசிய இலக்கிய ஒலிப்பதிவுத் திட்டத்தைத் தேடுங்கள். புது தில்லி அலுவலகம் வழியாக 2000-இல் தொடங்கிய அதில், பல இந்திய மொழிகளோடு தமிழ்ப் படைப்பாளிகளும் தம் எழுத்தைத் தாமே படித்திருக்கிறார்கள். ஆனால் பதிவுகள் நீளமானவை, கவிதைவாரியாகப் பிரிக்கப்படவில்லை. கேட்கும்போதே கவிதை தொடங்கும் நிமிடத்தையும் நொடியையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால், அடுத்த தடவை நேரே அங்கே போகலாம்.