பெனால்டி ஷூட்அவுட்டை எங்கே வைப்பது?

கால்பந்தில் நாக்-அவுட் ஆட்டம் 90 நிமிடத்தில் சமனில் நின்றால் 30 நிமிடம் கூடுதல் நேரம். அதுவும் சமன் என்றால் பெனால்டி ஷூட்அவுட்: கோல்கீப்பர் மட்டும் எதிரே நிற்க, இரு அணியும் மாறி மாறி உதைப்பது. 1970-ல் விதிகளில் ஷூட்அவுட் வருவதற்கு முன்னால் நிலைமை இன்னும் மோசம். 1968 யூரோ கோப்பை அரையிறுதியில் இத்தாலியும் சோவியத் யூனியனும் கோலே அடிக்காமல் முடிக்க, நாணயம் சுண்டி இத்தாலியை இறுதிக்கு அனுப்பினார்கள். அதற்கு ஷூட்அவுட் எவ்வளவோ மேல். ஆனாலும் மாற்ற வேண்டும் என்ற குரல் ஓயவில்லை. எந்த யோசனை வந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி: இது வந்தால் கூடுதல் நேரத்தின் 30 நிமிடத்தை அணிகள் எப்படி ஆடும்?

கூடுதல் நேரத்தில் முதல் கோல் அடித்தவருக்கே வெற்றி என்ற கோல்டன் கோல் இந்தக் கேள்வியில் அடிபட்டுப் போகிறது. 1996 யூரோ இறுதியில் ஜெர்மனியின் பியர்ஹாஃப், 2000 இறுதியில் பிரான்ஸின் திரெசெகே அடித்த கோல்கள் இன்றும் கண்ணில் நிற்கின்றன, உண்மைதான். ஆனால் ஒரு கோல் வாங்கினால் அந்த நொடியே வீட்டுக்குப் போக வேண்டும் என்றால், எந்தப் பயிற்சியாளர் துணிந்து ஆளை முன்னே அனுப்புவார்? பிறகு வந்த சில்வர் கோல், கூடுதல் நேரத்தின் முதல் பாதி முடிவில் முன்னிலையில் இருப்பவருக்கே வெற்றி என்றது. 2004 யூரோ அரையிறுதியில் அந்தப் பாதியின் கடைசித் தருணத்தில் கார்னரிலிருந்து வந்த பந்தை கிரீஸின் டெல்லாஸ் தலையால் முட்டி வலைக்குள் தள்ளினார். செக் அணிக்குப் பதிலடி கொடுக்க நேரமே இல்லை. அந்த ஆண்டோடு இரண்டு விதிகளுமே போய்விட்டன. போனது நல்லது.

உதைக்கும் வரிசையை மட்டும் மாற்றலாம் என்பது அடுத்த யோசனை. டென்னிஸ் டைபிரேக்கில் சர்வீஸ் மாறுவதுபோல, முதல் அணி ஒன்று, அடுத்த அணி இரண்டு, மறுபடி முதல் அணி இரண்டு என்று உதைப்பது. முதலில் உதைக்கும் அணி 60 சதவீதம் ஜெயிக்கிறது என்று 2010-ல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. கூடுதல் தரவை எடுத்துப் பார்த்த வேறு ஆய்வாளர்கள் அப்படியொரு சாதகம் இல்லை என்றார்கள். 2017-ல் சோதித்தார்கள், அடுத்த ஆண்டே கைவிட்டார்கள். எப்படியும் இது ஷூட்அவுட்டுக்குள் நடக்கும் திருத்தம்தான். அதற்கு முந்தைய 30 நிமிடத்தைத் தொடவே இல்லை.

ஹாக்கி பாணி எனக்கு மிகவும் பிடிக்கும். 23 மீட்டர் கோட்டிலிருந்து 8 நொடிக்குள் பந்தை எடுத்துச் சென்று கோல்கீப்பரை ஏமாற்றி அடிக்க வேண்டும். 2024 பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதியில் பிரிட்டனை இந்தியா 4-2 என்று வென்றதைப் பார்த்தவர்களுக்கு இதில் எவ்வளவு ஆட்டத்திறன் இருக்கிறது என்று தெரியும். அமெரிக்காவின் எம்.எல்.எஸ். லீக் 1996 முதல் 1999 வரை 35 கஜம், 5 நொடி என்று இதைக் கால்பந்திலேயே நடத்தியது. போட்டி என்று பார்த்தால் பெனால்டியைவிட இதுவே நேர்மையானது. ஆனால் 120 நிமிடம் ஓடிய கால்களை மறுபடி முழுவேகத்தில் ஓடவிட்டு, எதிரே பாய்ந்து வரும் கோல்கீப்பர்மீது மோதவிடுவது ஆபத்து. தற்காத்துக் காலம் தள்ள நினைக்கும் அணி இதிலும் அதையேதான் செய்யும்.

ஆகவே நான் ஆதரிப்பது, 90-வது நிமிடத்திலேயே ஷூட்அவுட்டை நடத்திவிடுவது. முடிவைக் குறித்து வைத்துக்கொண்டு கூடுதல் நேரம் ஆட வேண்டும். அதில் யாராவது ஜெயித்தால் ஷூட்அவுட் கணக்கில் வராது. சமன் ஆனால் மட்டும் ஷூட்அவுட்டில் வென்றவர் முன்னேறுவார். இப்போது இரண்டு அணியும் பெனால்டிக்குக் காத்திருக்க முடிகிறது. இந்த ஏற்பாட்டில் ஷூட்அவுட்டில் தோற்ற அணி கோல் அடித்தே ஆக வேண்டும், வேறு வழியில்லை. வென்ற அணி கோல்கம்பத்தின் முன் குவிந்து நிற்கும் என்பது நியாயமான ஆட்சேபம். ஆனால் இருவரும் பதுங்குவதைவிட ஒருவர் பாய்வது மேல். 2022 உலகக் கோப்பை இறுதியில் மெஸ்ஸியும் எம்பாப்பேயும் இன்றைய விதியிலேயே கூடுதல் நேரத்தில் கோல் அடிக்கவில்லையா என்று கேட்கலாம். அடித்தார்கள்தான். ஆனால் அதுபோன்ற கூடுதல் நேரம் அபூர்வம்.

எனக்கு இதைவிட முக்கியமான காரணம் வேறு. 2020 யூரோ இறுதி 2021 ஜூலையில் வெம்ப்ளியில் நடந்தது. இத்தாலிக்கு எதிராக இங்கிலாந்து அணி ராஷ்ஃபோர்டையும் சாஞ்சோவையும் பெனால்டிக்காகவே கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடத்தில் களமிறக்கியது. இருவரும் தவறவிட்டார்கள். ஐந்தாவதாக வந்த 19 வயது சாக்காவின் உதையை இத்தாலி கோல்கீப்பர் டொன்னரும்மா தடுத்ததும் எல்லாம் முடிந்தது. பின்னர் மூவர்மீதும் இணையத்தில் இனவெறி வசை கொட்டியது. தவறவிட்டவனுக்கு அதைச் சரிசெய்ய ஒரு நொடிகூடத் தராத ஏற்பாடு இது. ஷூட்அவுட் முன்னால் நடந்திருந்தால் அதே சாக்காவுக்கு ஓடி ஆட 30 நிமிடம் இருந்திருக்கும்.

செலவு இல்லாமல் இல்லை. கூடுதல் நேரத்தில் தீர்ந்துவிடக்கூடிய ஆட்டத்திலும் ஷூட்அவுட் நடத்தியாக வேண்டும். நடுவில் நின்றுபோவதால் உடல் சூடு இறங்கும். உதைக்காத வீரர்களை மைதான ஓரத்தில் வார்ம்-அப் செய்ய அனுமதித்தால் அதைப் பெருமளவு சமாளிக்கலாம். முதலில் ஏதாவது ஒரு உள்நாட்டுக் கோப்பையில் ஒரு சீசன் முழுக்க நடத்தி, கூடுதல் நேரத்தில் எத்தனை ஷாட், எத்தனை கோல், எத்தனை பேருக்குத் தசைப்பிடிப்பு என்று முந்தைய சீசன்களோடு வைத்துப் பார்க்க வேண்டும்.