சாப்ளினும் கீட்டனும்: யாருடைய பாதை மேல்?

மௌனப்பட நகைச்சுவையின் இரு சிகரங்களான சார்லி சாப்ளினும் (1889–1977) பஸ்டர் கீட்டனும் (1895–1966) சிறுவயதிலேயே மேடையேறியவர்கள். ஆயினும் சாப்ளின் லண்டனின் வறுமையிலிருந்து வந்தவர். கீட்டனோ பெற்றோரின் மேடைக்குழுவிலேயே வளர்ந்தவர்.

சாப்ளின் முகபாவத்தால் நெகிழவைத்தார். கீட்டன் முகத்தில் சலனமே காட்டாமல், உடலாலும் கணக்கீட்டாலும் சிரிக்கவைத்தார். 1928இல் வெளிவந்த 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' படத்தில், ஒரு வீட்டின் முன்சுவர் முழுவதுமாக அவர்மீது சரிந்து விழ, திறந்திருந்த மாடிச் சன்னல் அவர் நின்ற இடத்துக்கு நேராக அமைந்ததால் மட்டுமே அவர் உயிர் தப்பினார். அதில் தந்திரக் காட்சி எதுவும் இல்லை. சில அங்குலம் பிசகியிருந்தால் கதை முடிந்திருக்கும். துணிச்சல் என்ற அளவில் சாப்ளினிடம் இதற்கு ஈடாக ஒன்றும் இல்லை என்றே கருதுகிறேன்.

தொழிலை நடத்திய விதத்தில் நிலைமை தலைகீழ். 1919இல் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் என்ற பட விநியோக நிறுவனத்தைக் கூட்டாகத் தொடங்கிய சாப்ளின், பேசும்படங்கள் பெருகிவிட்ட 1931இலும், தாமே இசையமைத்த 'சிட்டி லைட்ஸ்' படத்தை உரையாடலின்றி வெளியிட முடிந்தது. கீட்டனோ 1928இல் எம்.ஜி.எம். என்ற பெரிய படத்தயாரிப்பு நிறுவனத்தில் ஒப்பந்தமாகி, தம் படங்களின்மீதான கட்டுப்பாட்டை இழந்தார், குடிப்பழக்கமும் சேர்ந்துகொண்டது. அரசியல் காரணங்களால் 1952இல் அமெரிக்காவுக்குத் திரும்ப முடியாமற்போன சாப்ளினுக்குக்கூட, தம் படங்கள் தம் கையிலேயே இருந்தன.

கலைஞராக இருவரும் சமம். தம் உழைப்பைக் காத்துக்கொண்டவர் சாப்ளினே.